செண்பகத்தடி உப்பு

உ
முத்துமாரி காப்பாள்

திண்டிவனம்
10-6-1988

அன்புத் தங்கை லூர்துமேரிக்கு,

முன்கட்டு அக்கா தையல்நாயகி எழுதுவது. நான், உன் மாமா, இரண்டு பசுக்கள், நீ வைத்துவிட்டுப் போன கருவேப்பிலைக் கன்று எல்லாரும் இங்கே சௌக்கியம். மூன்று வருஷம் நீங்கள் குடியிருந்த பின்கட்டில் இப்போது மல்லாட்டைக் கடலை மூட்டை அடுக்கியிருக்கிறது. மூட்டை பேசாது என்பதுதான் குறை. உன் வீட்டுக்காரர் இருதயராஜ் தம்பிக்கு விழுப்புரம் ஸ்டேஷன் வேலை பழகிவிட்டதா? இங்கே போல அங்கேயும் சாப்பாட்டு நேரத்தில்தான் வண்டி வருகிறதா?

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். பல்கலைக்கழக நூலகத்தில் புதிதாக விஞ்ஞானப் பகுதி திறந்து, அதை உன் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள் என்று படித்ததும் அம்மனுக்கு எலுமிச்சை விளக்கு போட்டேன். கப்பலில் வந்த பத்திரிகைகள், படம் பிடித்த தகட்டில் புத்தகங்கள், பக்கத்தை அப்படியே நகல் எடுக்கும் மெஷின்! அதுவும் குளிர்சாதன அறையில், செருப்பை வெளியே விட்டுவிட்டுப் போகவேண்டுமாமே. உன் மாமாவிடம் சொன்னேன். "அப்ப உள்ள யார் இருக்கா, மூலவரா?" என்று கேட்டார். சிரிக்காதே, எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. படிக்கிற இடத்துக்குச் செருப்பில்லாமல் போவதுதான் சரி.

"யாருமே கேள்வி கேட்க வருவதில்லை அக்கா, பேராசிரியர்கள் எட்டிப் பார்த்துவிட்டு காப்பி குடிக்கப் போய்விடுகிறார்கள்" என்று எழுதியிருந்தாயே. நான் கேட்கலாமா? காலேஜ் வாசலை மிதிக்காதவள் கேட்டால் உன் மெஷின் பதில் சொல்லுமா?

நம் தெரு முத்துமாரியம்மன் கோயில் செண்பகம் உனக்குத் தெரியும். பூத்தால் தெருமுனை வரைக்கும் வாசம் வருமே, அது சித்திரையிலிருந்து காய்கிறது. இலை கருகி உதிர்கிறது. பூசாரி வேங்கடேசன் தண்ணீர் ஊற்றினார், எரு போட்டார், திருஷ்டிப் பூசணி கட்டினார். நாங்களும் எதையும் விட்டுவைக்கவில்லை. திருப்பணிக் குழுவில் உன் மாமாவும் ஒருவர். அவர்கள் கூடிப் பேசி, ஆடியில் வெட்டக்கூடாது, ஆவணி பிறந்ததும் மரத்தை எடுத்துவிட்டுத் தரை முழுக்க சிமெண்ட் போடுவது என்று முடிவு செய்துவிட்டார்கள். காய்ந்த மரம் கோயிலுக்கு ஆகாதாம். அம்மனுக்குத் தினமும் பூக்கொடுத்த மரம். அதற்கு என்ன நோய் என்று கூடத் தெரியாமல் கோடாலி வைப்பதா?

உன் தகடுகளில் தேடிப் பார்.

அக்கா
தையல்நாயகி


இயேசு மரி சூசை

விழுப்புரம்
15-6-1988

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் நலம். வண்டி எல்லாம் இங்கே சாப்பாட்டு நேரத்தில் மட்டுமல்ல, தூங்குகிற நேரத்திலும் வருகிறது.

உங்கள் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பாசஞ்சரில் வேலைக்குப் போகும்போது, வளவனூர் தாண்டுவதற்குள் நானும் மூன்று தரம் படித்துவிட்டேன். எங்கள் புதுப் பகுதிக்கு வெளியூரிலிருந்து வந்த முதல் கேள்வி இது. கேள்விப் பதிவேட்டில் "திருமதி தையல்நாயகி சீனுவாசன், திண்டிவனம்" என்று பேனாவால் எழுதினேன். நூலகர் ஐயா பார்த்துவிட்டு, "யாரும்மா இவங்க, தாவரவியல் பேராசிரியையா?" என்றார். "இல்ல சார், எங்க அக்கா" என்றேன்.

அந்தத் தகடு தபால் கார்டு அளவுதான் அக்கா. நூறு பக்கம் எறும்பு போல அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெளிச்சப் பெட்டிக்குள் செருகினால் திரையில் பெரிசாக எழுந்து வருகிறது. மரநோய்களைப் பற்றி மட்டும் ஒரு அலமாரி இருக்கிறது. ஆனால் நோயாளியைப் பார்க்காத டாக்டர் மாதிரி நான் தேட முடியாது. ஆகவே பதில் எழுதுங்கள்:

இலை நுனியில் கருகுகிறதா, நடுவிலா? புள்ளி புள்ளியாகவா, ஓரமாகவா? பட்டையில் ஓட்டை உண்டா? எந்தக் கிணற்றுத் தண்ணீர்? அடியில் என்னென்ன போடுகிறீர்கள்? நாலைந்து இலைகளைக் காகிதத்தில் அழுத்தி அனுப்புங்கள்.

உங்கள்
லூர்து


உ
முத்துமாரி காப்பாள்

திண்டிவனம்
21-6-1988

அன்புள்ள லூர்து,

இலைகள் உள்ளே இருக்கின்றன. பஞ்சாங்கத்துக்கு நடுவில் வைத்து அழுத்தினேன், அதனால் நல்ல நேரத்தில்தான் வந்து சேரும்.

இலை நுனியில் ஆரம்பித்து ஓரம் முழுக்கத் தீய்ந்துகொண்டே உள்ளே வருகிறது, தோசை ஓரம் முறுகுவது போல. புள்ளி இல்லை. பட்டையில் ஓட்டை இல்லை. உன் மாமாவை ஏணி வைத்து ஏறச் சொல்லிப் பார்த்தேன். ஏறும்போது அவர் சொன்னதை எழுதினால் தபால்காரர் கடிதத்தை வாங்கமாட்டார். "வெட்டப் போற மரத்துக்கு ஜாதகம் பாக்கறாளுவ! குழு ஆளு நானே ஏணி மேல குந்திக்கினு கீறேன்!" என்று தெருவே கேட்கக் கத்தினார். கோயில் கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர், அதில்தான் பருப்பு வேகவைக்கிறோம்.

அடியில் கெட்டது எதுவும் போடுவதில்லை. மஞ்சள் தண்ணீர் ஊற்றுவோம். அப்புறம் உப்பும் மிளகும். நீ இருக்கும்போது பலிபீடத்தில் கொட்டுவோமே, அதைப் போன வருஷம் திருப்பணியில் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். புதுசு இன்னும் கட்டவில்லை. வேறு இடம் ஏது? அதனால் செண்பகத்தடியில் கொட்டுகிறோம். மரம் காய ஆரம்பித்ததிலிருந்து நான்தான் எல்லாரையும் கூட்டி, நமக்காகக் கொட்டுவது போதும், மரத்தின் நோய் தீரவேண்டும் என்று மரத்துக்காகவே கொட்டுவோம் என்று சொன்னேன். செவ்வாய், வெள்ளி தவறுவதில்லை. மரக்காணத்திலிருந்து வண்டியில் உப்பு கொண்டுவரும் கொளஞ்சிக்கு எங்கள் தெருவில் இப்போது நல்ல வியாபாரம். இவ்வளவு செய்தும் மரம் இன்னும் வேகமாகக் காய்கிறது. அதுதான் எனக்குப் புரியவில்லை.

பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாள் அவளுடைய முழங்கால் வலியையும் உன் மெஷினில் கேட்கச் சொன்னாள். மரத்துக்கு மட்டும்தான் என்று சொல்லியிருக்கிறேன். "நானும் மரம் மாதிரிதானே நிக்கிறேன்" என்கிறாள்.

அக்கா
தையல்நாயகி


இயேசு மரி சூசை

விழுப்புரம்
4-7-1988

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் கிடைத்துவிட்டது. கிடைத்து ஒரு வாரம் ஆகிறது. எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் தாமதம்.

நீங்கள் அனுப்பிய இலைக்கும், திரையில் வந்த ஒரு படத்துக்கும் வித்தியாசமே இல்லை. பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பனி விழும் தேசங்களில் சாலையில் பனி உருக உப்புத் தூவுவார்களாம். மழை பெய்து அது ஓரத்து மரங்களின் வேருக்குப் போனால், இலை நுனியிலிருந்து இப்படித்தான் தீய்ந்து வருமாம். நகல் வைத்திருக்கிறேன். ஓரத்தில் தமிழில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, செண்பகத்துக்கு நோய் இல்லை. உப்புதான்.

இன்னும் பிழைக்கவைக்கலாம் என்று அதிலேயே இருக்கிறது. மேல்மண்ணை வாரி எடுத்துவிட்டு, ஜிப்சம் தூவி, நல்ல தண்ணீரை நிறைய, நின்று நிதானமாக ஊற்றவேண்டும். உப்பு வேருக்குக் கீழே இறங்கிப் போகும். மல்லாட்டைக்குப் போடும் ஜிப்சம் உங்கள் வீட்டிலேயே இருக்குமே. முதலில் உப்புக் கொட்டுவதை நிறுத்தவேண்டும்.

தப்பாக நினைக்கமாட்டீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

உங்கள்
லூர்து


திண்டிவனம்
9-7-1988

திருமதி லூர்துமேரி அவர்களுக்கு,

உங்கள் கடிதமும் நகலும் கிடைத்தன.

அகராதியை வைத்து எழுத்துக்கூட்டி நகலைப் படித்தேன். அங்கே உப்பு ரோட்டில் போடுகிறார்கள். நாங்கள் ரோட்டில் போடவில்லை. அம்மனை நினைத்துப் போடுகிறோம். எங்கள் அம்மாவும் அவர்கள் அம்மாவும் போட்டது. அம்மை வார்த்த வீட்டுக்கு அதுதான் மருந்து. அது விஷம் என்று ஒரு மெஷின் சொல்லி, அதை மூன்று வருஷம் என் வீட்டில் இருந்து பொங்கல் சாப்பிட்ட பெண் எனக்கு எழுதி அனுப்புவாள் என்று நான் நினைத்ததில்லை.

நகலைக் கோவிந்தம்மாளிடம் காட்டினேன். "வேதக்காரப் பொண்ணு வேற இன்னா சொல்லும்?" என்றாள். அவள் அப்படிச் சொன்னபோது நான் மறுத்துப் பேசவில்லை.

நகலைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதற்கான செலவுக்குத் தபால் தலைகள் வைத்திருக்கிறேன். யாரிடமும் பாக்கி வைத்து எனக்குப் பழக்கமில்லை.

தையல்நாயகி


இயேசு மரி சூசை

விழுப்புரம்
14-7-1988

அன்புள்ள அக்காவுக்கு,

"அவர்களுக்கு" என்று எழுதி, "உங்கள்" என்று மரியாதை கொடுத்து, என்னை நன்றாக அழவைத்துவிட்டீர்கள். இவர் பார்த்துவிட்டு, "யார் செத்தாங்க?" என்று கேட்டார்.

இவருக்கு அம்மை வார்த்தபோது என்னைக் கையைப் பிடித்து அந்தக் கோயிலுக்குக் கூட்டிப்போனது நீங்கள்தான். பலிபீடத்தில் நானும் உப்பும் மிளகும் போட்டேன். பிறந்த ஊர் முகையூரில் என் அம்மாவிடம் அதைச் சொன்னபோது, "மாதா கோவிச்சுக்க மாட்டா, புருஷன் பொழச்சானா?" என்று மட்டும் கேட்டாள். பிழைத்தார். ஆகவே உப்பைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. குழம்பில் போடுகிற உப்பைக் குழந்தையின் கண்ணில் போட்டால் உப்பின் மேல் என்ன குற்றம்?

என்னை நம்பவேண்டாம். மெஷினையும் நம்பவேண்டாம். இரண்டு கொட்டாங்கச்சி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் உங்கள் கொல்லை மண், ஒன்றில் செண்பகத்தடி மண். இரண்டிலும் கேப்பை தூவி, ஒரே தண்ணீர் தெளித்து, ஒரே ஜன்னலில் வையுங்கள். அது சொல்வதைக் கேளுங்கள்.

உங்கள் தபால் தலைகளில் ஒன்றை இந்தக் கடிதத்தில் ஒட்டியிருக்கிறேன். மிச்சத்தை இனி உங்களுக்கு எழுதப் போகும் கடிதங்களுக்கு வைத்திருக்கிறேன். தீரும்வரை நான் எழுதுவதை நீங்கள் தடுக்க முடியாது.

உங்கள்
லூர்து


விழுப்புரம்
5-8-1988

அக்கா,

கார்டில் எழுதுகிறேன், தபால்காரர் படித்தாலும் பாதகமில்லை. பதில் இல்லை. ஆவணி நெருங்குகிறது. மரத்தை நினைத்தால் வண்டியில் உட்கார முடியவில்லை. கோபமாகவாவது ஒரு வரி எழுதுங்கள்.

லூர்து


உ
முத்துமாரி காப்பாள்

திண்டிவனம்
23-8-1988

என் தங்கை லூர்துவுக்கு,

முதலில் செய்தி: மரம் நிற்கிறது.

இனி வரிசையாகச் சொல்கிறேன். உன் கடிதம் வந்த அன்றே கேப்பை தூவினேன், யாருக்கும் தெரியாமல், சமையல்கட்டு ஜன்னலில். கொல்லை மண்ணில் பச்சைப்பசேலென்று எழும்பியது. செண்பகத்தடி மண்ணில் ஒன்றுகூட இல்லை. விதைதான் சொத்தை என்று மனசைத் தேற்றிக்கொண்டு மறுபடி தூவினேன். மறுபடியும் மொட்டை. அன்றைக்கு அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் அந்தக் கொட்டாங்கச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மரத்துக்கு நோய் தீர என்று சொல்லித் தெருவையே கூட்டி உப்புக் கொட்ட வைத்தவள் நான். உப்புதான் என்று நீ எழுதிய கடிதத்தைப் படித்தபோதே அது எனக்குப் புரிந்துவிட்டது, லூர்து. தாங்க முடியாமல் உன்மேல் தூக்கிப் போட்டேன். அந்த ஒன்பதாம் தேதிக் கடிதத்தை அடுப்பில் போடு. வெந்நீராவது காயட்டும்.

அதற்கப்புறம் எப்படி நிறுத்துவது? உப்பை விடச் சொன்னால் யார் கேட்பார்கள்? நானே கேட்கவில்லையே. ஆடி வெள்ளி அன்று விடியற்காலையில் எங்கள் கல்யாண அண்டாவை உருட்டிக்கொண்டு போய் அம்மன் சந்நிதிக்கு நேராக வைத்துவிட்டு, பக்கத்தில் நின்றுகொண்டேன். கோவிந்தம்மாள் மடியில் உப்போடு வந்தாள்.

"இன்னாடி தையலு, அண்டாவக் காவல் காத்துக்கினு கீற?"

"உப்பு யாருக்குப் போடுற?"

"இது இன்னா கேள்வி? அம்மனுக்குத்தான்."

"அப்ப அம்மன் காலாண்ட போடு. மரத்துக் காலாண்ட இன்னாத்துக்குப் போடுற?"

கோவிந்தம்மாள் மடியை அவிழ்த்தாள். "அத்த மின்னாடியே சொல்றதுக்கின்னா? எனுக்கும் குனிய முடியாம முழங்கால் பேஜாரு பண்ணிக்கினு கீது" என்று அண்டாவில் கொட்டிவிட்டுப் போனாள். அவள் கொட்டினால் தெருவே கொட்டும். நிறைந்த உப்பைக் கொளஞ்சி மரக்காணம் திரும்பும் வண்டியில் ஏற்றிக் கடலில் கரைக்கிறான். "நான் வித்த உப்ப நானே எடுத்துக்கினு போற ஒரே ஏவாரி நான்தாங்க" என்று புலம்புகிறான்.

மேல்மண்ணை நாங்களே வாரினோம். ஜிப்சம் மூட்டையை உன் மாமா வயலுக்குப் போயிருந்தபோது பின்கட்டிலிருந்து எடுத்தேன். செலவில் "அம்மன் காணிக்கை" என்று எழுதிவிட்டேன். மிச்ச ஆடி மாசம் முழுக்க, தண்ணீர் ஊற்றுவதையே வேண்டுதலாக்கி, வெள்ளையம்மாள், அஞ்சம்மாள், கோவிந்தம்மாளின் மருமகள் எல்லாரும் குடம் குடமாய் ஊற்றினார்கள். நீ எழுதியபடியே, நின்று நிதானமாக.

ஆவணி பிறந்தது. காண்டிராக்டர் தேவநாதன் கோடாலி ஆட்களோடும் ஒரு லாரி ஜல்லியோடும் வந்தார். கோயிலுக்குள் நுழைந்ததும் லாரி பின்சக்கரம் சேற்றில் பொதக் என்று இறங்கிவிட்டது. முன்னேயும் போகாது, பின்னேயும் வராது. நாங்கள் குடத்தோடு வரிசையாக நிற்கிறோம். உன் மாமா ஓடிவந்தார்.

"இன்னாடி இது, கோயிலா, நடவு வயலா? உன் வேலதானே?"

"அம்மனுக்கு ஆடியில தண்ணி ஊத்தறது என் வேல. சேறு ஆவறது மண்ணோட வேல."

"லாரிக்கு யார் பதில் சொல்றது?"

"குழுவுல நீங்கதானே கீறீங்க!"

கோடாலி ஆட்களே சிரித்துவிட்டார்கள். அன்று முழுக்க லாரியைத் தூக்கவே சரியாகிவிட்டது. மறுநாள் உன் நகலை (நான் திருப்பி அனுப்பியதை நீ மறுபடி வைத்து அனுப்பியிருந்தாயே) குழுவின் முன் வைத்தேன். மொட்டைக் கொட்டாங்கச்சியையும் வைத்தேன். உன் மாமா இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அப்புறம், "ஐப்பசி வரைக்கும் பாப்போம். துளுத்தா இருக்கட்டும். இல்லன்னா நானே நின்னு வெட்டறேன்" என்று குழுவில் அவர்தான் எழுந்து சொன்னார். வீட்டுக்கு வந்ததும் கேட்டார், "அந்த ஜிப்சம் மூட்டையக் காணோமே?" நான் அம்மன் பேரைச் சொல்லிவிட்டேன்.

துளிர்க்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது, உன் மெஷினாலும். ஐப்பசி வரைக்கும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கப் போகிறேன்.

வறுத்த மல்லாட்டை தனிப் பொட்டலமாக அனுப்புகிறேன். நூலகர் ஐயாவுக்கும் கொடு. செருப்பில்லாத அறைக்குள் கொண்டுபோகாதே.

அக்கா
தையல்நாயகி


இயேசு மரி சூசை

விழுப்புரம்
29-8-1988

என் அக்காவுக்கு,

"மரம் நிற்கிறது" என்ற வரியை ஸ்டேஷனிலேயே நின்று படித்து, வண்டியை விட்டுவிட்டேன். அடுத்த வண்டியில் தாமதமாகப் போனேன். நூலகர் ஐயா கடிகாரத்தைப் பார்த்தார். கடிதத்தைக் கொடுத்தேன். லாரி இறங்கிய இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டு, நூலகத்தில் சத்தம் போடக்கூடாது என்று தன்னையே கடிந்துகொண்டார். இப்போது தாவரவியல்காரர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறார்கள், "அந்தத் திண்டிவனத்து மரம் என்னாச்சு?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.

பயப்படாதீர்கள் என்று எழுத ஆசை. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. தண்ணீரை நிறுத்தாதீர்கள்.

அந்த ஒன்பதாம் தேதிக் கடிதத்தை எரித்தாயிற்று. வெந்நீர் காயவில்லை, அவ்வளவு குளிர்ச்சியான கடிதம் அது.

உங்கள்
லூர்து


உ
முத்துமாரி காப்பாள்

திண்டிவனம்
7-10-1988, வெள்ளிக்கிழமை

என் தங்கை லூர்துவுக்கு,

துளிர்த்துவிட்டது.

முதலில் பார்த்தது உன் மாமா. காலையில் பால் கறக்காமல் எங்கே போனார் என்று தேடிக்கொண்டிருக்கிறேன், மனிதர் கோயிலிலிருந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவருகிறார். "தையலு, ஜல்தி வா! ஜல்தி வா!" என்றார். போய்ப் பார்த்தால், வடக்குக் கிளையில், பட்டையைப் பிளந்துகொண்டு, செம்பு நிறத்தில் கொத்தாய். மேல்கிளைகள் இரண்டு போய்விட்டன, அவை வராது. ஆனால் நடுமரம் உயிரோடு இருக்கிறது. அங்கே நின்றுகொண்டு உன் மாமா வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "குழுவுல முடிவு பண்ணி காப்பாத்திட்டோம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லட்டும். புதுப் பலிபீடத்தை மரத்திலிருந்து எட்டக் கட்டுவது என்றும் குழு தீர்மானம் போட்டிருக்கிறது. மரத்தைச் சுற்றிச் சிமெண்ட் கிடையாது.

சாயங்காலம் அர்ச்சனை வைத்தோம். தட்டை நீட்டி, உன் பேருக்கு என்றேன். பூசாரி வேங்கடேசன், "பேரு?" என்றார்.

"லூர்துமேரி."

அவர் பேரைத் தனக்குள்ளே ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு, "நட்சத்திரம்?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. மூன்று வருஷம் ஒரே கிணற்றில் தண்ணீர் இறைத்தோம், இதைக் கேட்கத் தோன்றியதே இல்லை. கோவிந்தம்மாள் பின்னாலிருந்து, "வேதக்காரங்களுக்கு ஏதுடி நட்சத்திரம்?" என்றாள். இந்தத் தடவை நான் சும்மா இருக்கவில்லை.

"அவ மட்டும் வானத்துக்கு வெளியவா பொறந்தா? என் தங்கச்சி அவ. ரோகிணின்னு சொல்லுங்க பூசாரி, என் நட்சத்திரத்தையே சொல்லுங்க."

பூசாரி உன் பேரைச் சொல்லி, ரோகிணி சொல்லி, கற்பூரம் காட்டினார். மணி அடித்தது. கோவிந்தம்மாள்தான் முதலில் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஆகவே இன்றிலிருந்து நீ ரோகிணி. எனக்கு நல்ல காலம் வந்தால் உனக்கும் வரும், கெட்டது வந்தால் பாதியை உன் பேரில் எழுதிவிடுவேன். ரோகிணிக்காரிகளுக்கு மூக்கு நுனியில் கோபம் என்று என் அம்மா சொல்லுவாள். அதையும் சேர்த்து வாங்கிக்கொள், இரண்டு பேருக்கு இடையில் பகிர்ந்தால் எனக்குக் கொஞ்சம் குறையும்.

அக்கா
தையல்நாயகி